பக்கத்து இருக்கையின் குரல்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளிவந்த 2022 செப்டம்பர் 30 ஒரு வெள்ளிக்கிழமை. மேல்விஷாரத்தில் வெள்ளிக்கிழமைப் பகல் ஜும்ஆவுக்கு உரியது. அதனால் எங்கள் ஊரார் முதல் காட்சிக்கு முண்டியடிக்கவில்லை. தொழுகை, சாப்பாடு, சின்னதாக ஒரு தூக்கம் எல்லாம் முடித்துக்கொண்டு மாலைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் வண்டி கட்டினார்கள். நான் போனது ஒரு பாயுடன். தோல் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கல்கியின் நாவல் ஐந்து பாகத்தையும் பலமுறை படித்தவர். ஆடித்திருநாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை நிறுத்திய வந்தியத்தேவன் எப்போது மறுபடி ஏறி உட்கார்ந்தான் என்பதுவரை தெரிந்தவர்.

படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அரங்கு முழுக்க ஒரு முணுமுணுப்பு பரவிவிட்டது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு காதைக் கொடுத்தேன். "யாரு இவரு?" "பெரிய பழுவேட்டரையரு." "அப்ப அவரு?" "தம்பி. தஞ்சாவூர்க் கோட்டைக் காவல் அவரு கையில." நாலு வரிசைக்கு ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அம்மாவுக்குச் சொன்னாள். கல்லூரிப் பையன் ஒருவன் தன் கூட்டாளிகள் மூவருக்கும் சேர்த்து, ஒரு காட்சி முன்னதாகவே, சொல்லிக்கொண்டு வந்தான். பாய் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

அந்தப் படத்துக்கு வந்த எதிர்வினைகள் பெரும்பாலும் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. படித்தவர்கள் என்னென்ன விட்டுப்போயிற்று என்று பட்டியல் போட்டார்கள். படிக்காதவர்கள் ஒரே பேர்க் குழப்பம், யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை என்றார்கள். இரண்டும் நியாயம்தான். எனக்கு அந்த இரண்டு கூட்டமும் இருட்டில் ஒட்டிக்கொண்ட இடம்தான் முக்கியமாகப் படுகிறது. படமாக்கும்போது கல்கியிடமிருந்து எதை எடுக்க முடியாமல் போனதோ, அது அந்த முணுமுணுப்பில் திரும்பி வந்தது.

எடுக்க முடியாமல் போனது கதைசொல்லியை. கல்கி தன் நாவலில் வாசகரை ஓரிடத்திலும் தனியே விடுவதில்லை. கூடவே நடப்பார். குதிரை போகிற போக்கில் சோழ வம்சாவளி சொல்வார், கதையை நிறுத்திவிட்டு விஜயாலயன் உடம்பில் எத்தனை விழுப்புண் என்பார், இந்தப் பெண் யாரென்று இப்போது சொல்வதற்கில்லை என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த வாரத்துக்கு ஓடிவிடுவார். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய தொடர் அது. வாரம் ஒரு தவணை, மணியத்தின் சித்திரங்களோடு. இடையில் வரும் ஆறு நாளும் வாசகர்களுடையவை. அந்த நாட்களில் ஊகங்கள் கிளம்பின, பந்தயங்கள் நடந்தன, ஆசிரியருக்குக் கடிதங்கள் போயின. வாசகர் எதிர்வினை அந்த நாவலுக்கு வெளியே இருந்ததே இல்லை என்று சொல்லலாம். தொடர் முடிந்ததும் சட்டென்று முடித்துவிட்டீர்களே, இன்னார் பிறகு என்ன ஆனார் என்றெல்லாம் வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி முடிவுரை ஒன்று எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார். இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது. ஐந்து பாகம் எழுதிய களைப்போடு, 1954 டிசம்பரில் இறந்துபோவதற்குச் சற்று முன்னால், வாசகர் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதிய மனிதர் அவர்.

சினிமாவில் இந்தக் குரலுக்கு இடமில்லை. முதல் பாகத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசன் கொஞ்சம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதன்பிறகு படம் தன்னையே நம்பி நடக்கிறது. மணிரத்னம், ஜெயமோகன், இளங்கோ குமரவேல் மூவரும் சேர்ந்து இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவலை இரண்டு படங்களாக, சுமார் ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கினார்கள். சுருக்கும்போது முதலில் கழன்று விழுவது விளக்கம் சொல்கிற வாய்தான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எம்.ஜி.ஆர். ஐம்பதுகளின் இறுதியிலேயே எடுக்க நினைத்துக் கைவிட்ட கதை. மணிரத்னமே இருமுறை தொடங்கி நிறுத்திய கதை. எடுத்து முடித்ததே பெரிது. ஆனால் வாய் போன இடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. அதைப் பக்கத்து இருக்கைக்காரர்கள் நிரப்பினார்கள். மல்டிப்ளெக்ஸ் பழகிய விமரிசகர்கள் இதைத் தொந்தரவு என்று எழுதினால் எனக்கு வியப்பில்லை. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த வடாற்காட்டுக்காரனுக்கு, அறிமுகம் சொல்லக் கட்டியங்காரன் இல்லாமல் ராஜா வந்து நின்றால்தான் என்னவோபோல் இருக்கும்.

பாய் நாவலுக்குள் போன வழியும் காது வழிதான். அவருடைய அக்கா தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாராம். அம்மாவுக்கு அரபுத் தமிழ் வாசிக்கத் தெரியும். அச்சுத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வராது. மதியச் சமையல் முடிந்தபிறகு அக்கா படிப்பார், அம்மா கேட்பார், சின்னப் பையனாக இவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சினிமாக் கொட்டகைக்குப் பெண்கள் போகாத வீடு அது. சோழ நாடு அந்த வீட்டின் உள்கட்டு வரைக்கும் வந்தது. தோல் வியாபாரத்தில் வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடங்களில் போட்ட ஊர் மேல்விஷாரம். 1965இல் நவாப் அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரியும் வந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களின் படிப்பில் ஒரு பெரும்பங்கு இம்மாதிரி மதியங்களில் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். அது எந்தக் கல்வி அறிக்கையிலும் ஏறாது.

இன்னொரு எதிர்வினையையும் பதிவு செய்ய வேண்டும். வேறெந்த ஊரிலும் இது வந்திருக்காது. இடைவேளையில் எங்களுக்கு முன்வரிசையில் இருந்த தோல் ஷாப்புக்காரர்கள் சிலர் சூடாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராயின் அழகைப் பற்றியதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பேச்சு குதிரைச் சேணத்தைப் பற்றி. வந்தியத்தேவனாக வரும் கார்த்தியின் குதிரையில் இருந்த வார், இடுப்புக் கச்சை, செருப்பின் பட்டை எல்லாம் எந்தப் பதனம் என்பது கேள்வி. ஒருவர், அது குரோம் தோல்தான், சாயம் ஏறியிருக்கிற விதமே சொல்கிறது என்றார். அந்தக் காலத்தில் ஏது குரோம், அது வந்து நூறு வருஷத்துக்குச் சொச்சம்தானே ஆகிறது, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தோலாக இருந்தால் அந்த நிறம் வராது என்றார் இன்னொருவர். மூன்றாமவர், படம் எடுக்கிறவன் அதையெல்லாமா பார்ப்பான் என்று முடித்துவைத்தார். தோட்டா தரணியின் அரங்கமைப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த பாராட்டுகளை நானும் படித்திருக்கிறேன். பட்டைத் தோலா குரோமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் எனக்குச் சரித்திரக் கேள்வியாகத் தெரிந்தது.

பாய் என் காதில் அதிகம் சொன்னது வந்தியத்தேவனைப் பற்றி. "நம்ம வல்லத்து ஆளு சார்" என்று அவர் முதல் தடவை சொன்னபோது ஊர்ப் பாசம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. கல்கியின் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், ஆண்ட நாட்டை இழந்த பரம்பரை. வாணர்களின் தலைநகரம் என்று சொல்லப்படும் வாணபுரம்தான் காட்பாடிப் பக்கத்தில் பொன்னையாற்றங்கரையில் இருக்கும் திருவல்லம். கல்வெட்டுகளில் தீக்காலி வல்லம். மேல்விஷாரத்திலிருந்து அரைமணிப் பயணம். அந்த வாணர்களின் ஆட்சியைப் பிடுங்கியவர் யார்? படம் முழுக்கக் கொடி பறக்கிறதே, அதே சோழர் குலத்து முதலாம் பராந்தகன்தான். பின்னாளில் ராஜராஜனான அருள்மொழியின் பாட்டனைப் பெற்றவன். பறித்ததைக் கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதிக்குச் 'செம்பியன் மாவலி வாணராயன்' என்ற பட்டத்தோடு கொடுத்தான். அந்தச் செய்தி எங்கள் மாவட்டத்துச் சோளிங்கர்க் கல்வெட்டில் இருக்கிறது. ஆக, தன் முன்னோரின் நாட்டை எடுத்துக்கொண்ட குடும்பத்துக்காக ஓலை சுமந்து, உயிரைக் கொடுக்கத் துணிந்து, அந்த வீட்டுப் பெண் குந்தவையையே மணக்கப்போகிறவனின் கதை இது. குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. சரித்திரம் அவரைப் பற்றி அதற்குமேல் அதிகம் பேசவில்லை. மிச்சத்தைக் கல்கி எழுதிக்கொண்டார்.

தஞ்சாவூர்க்காரருக்கு இந்தப் படம் பெருமை. எங்களுக்கு அது கொஞ்சம் சிக்கலான சமாசாரம். சோழர்கள் இந்தப் பக்கம் வந்தது விருந்தாளியாக அல்ல. 949இல் ராஷ்டிரகூடர்களோடு தக்கோலத்தில் மோதி, யானைமேல் இருந்தபடியே இளவரசன் ராஜாதித்தன் மடிந்தது இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில். சுந்தர சோழரின் தந்தை அரிஞ்சயனுக்குப் பேரன் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை மேல்பாடியில், திருவல்லத்துக்கு வடக்கே அதே பொன்னைக் கரையில் இருக்கிறது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்று அந்த அரசரைக் கல்வெட்டு குறிக்கிறது. படம் வந்தபோது மேல்பாடிக்கு எந்தத் தொலைக்காட்சிக் காமிராவும் வரவில்லை. எல்லாக் காமிராவும் தஞ்சாவூரில் நின்றன. படத்தின் முதல் போர்க்களம் ராஷ்டிரகூடருக்கு எதிரான வடமுனைப் போர். பாய் அதைப் பார்த்ததும் "இது நம்ம சீமையில நடந்தது" என்று முன்வரிசை வரை கேட்கும்படி அறிவித்தார். யாரும் அதட்டவில்லை. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

நாவலின் முதல் அத்தியாயத்தை இந்தக் கோணத்தில் மறுபடி படித்தேன். தொண்டை நாட்டுப் பையன் ஒருவன் ஆடிப்பெருக்கன்று சோழ நாட்டு எல்லையில் குதிரையை நிறுத்தி, கடல்போல விரிந்த வீராணத்துத் தண்ணீரை வாய் பிளந்து பார்க்கிறான். அவன்தான் இந்தக் கதையின் முதல் பார்வையாளன். அவனுக்கு அந்த நாட்டில் எதுவும் தெரியாது. யார் எவர், எந்த முத்திரை யாருடையது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். சொல்வதற்கு ஆழ்வார்க்கடியான் நம்பி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறான். நாவலுக்குள்ளேயே ஒரு பக்கத்து இருக்கைக்காரன். ஜெயராமின் நம்பியை நான் ரசித்தேன். அந்தப் பாத்திரத்தைச் சிரிப்புக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட்டார்களோ என்ற வருத்தமும் உண்டு. சோழ நாட்டின் பசுமையைப் பார்த்துக்கொண்டே வந்தியத்தேவன் குதிரையில் போகும் பாட்டு வந்தபோது அரங்கில் விசில். எங்கள் வரிசையில் ஒருவர் மட்டும் பெருமூச்சோடு "எவ்ளோ தண்ணி" என்றார். பாலாறு மணலாகிக் கிடப்பதும், தோல் கழிவு அதில் கலந்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் வரை அந்த வழக்குப் போய்த் தீர்ப்பு வந்ததும் தெரிந்த கரைக்காரர் அவர். தோல் ஷாப்பில் வேலையும் பார்த்தவர். அந்தப் பெருமூச்சில் குற்றவுணர்வு இருந்ததா, பொறாமை இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

முதல் பாகம் வந்ததை அடுத்து, அக்டோபரில், வேறொரு சத்தம் எழுந்தது. ராஜராஜனை இந்து அரசனாக்குகிறார்கள் என்று வெற்றிமாறன் ஒரு மேடையில் பேசினார். ராஜராஜன் காலத்தில் இந்து மதம் என்ற பேரே இல்லை என்றார் கமல்ஹாசன். தொலைக்காட்சிகளுக்கு அந்த மாதம் தீனிக்குப் பஞ்சமில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் எங்கள் ஊர் மாதிரியான ஊரில் இருப்பவர்களிடம் மைக்கை நீட்டி, உங்களுக்கு இந்தப் படம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கேள்வியிலேயே அவர்கள் எதிர்பார்க்கும் பதில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எங்களிடம் ஒருவரும் வரவில்லை, நல்லதாகப் போயிற்று. வந்திருந்தால் பாய் 'சுழற்காற்று' பாகத்தில் வரும் அரபுக் கப்பலைப் பற்றித்தான் பேசியிருப்பார். அந்த மாலுமிகளைக் கல்கி அவ்வளவு அன்போடு வரையவில்லை என்பது அவருடைய நெடுநாள் வழக்கு. அதற்காக நாவலை மூடி வைத்தவரும் இல்லை. "குதிரை வியாபாரின்னா முரடனாத்தான் இருப்பான் சார், நம்ம தோல் மண்டித் தரகர்ங்கள பாத்ததில்லையா" என்பார் ஒரு நாள். இன்னொரு நாள் அதே பக்கத்தைப் பற்றிக் கோபமாக இருப்பார். ஒரு நாவலோடு ஐம்பது வருஷத்துக்கும் மேல் குடித்தனம் செய்கிறவர் அப்படித்தான் இருக்க முடியும்.

பக்கம் பார்க்காமல் கதை கேட்பது எங்களுக்குப் புதிதுமல்ல. இந்தச் சீமையின் சொந்தக் காவியம் என்றால் அது தேசிங்கு ராஜன் கதை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714இல் செஞ்சியில் செத்த இளைஞன். கதைப்பாட்டில் அவனுக்காக முன்னால் போய் உயிர்விடும் தோழன் ஒரு முஸ்லிம். நவாபின் ஆற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே அந்தப் பாட்டைப் பாடக் கேட்டு அழுதிருக்கிறார்கள். யார் பக்கம் நின்று அழுவது என்று கதை கேட்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இல் வந்தது. ரம்ஜான் பெருநாள் முடிந்து ஆறு நாள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் இன்னும் திரும்பிப் போகாத வாரம். அரங்கில் கூட்டம் இருந்தது. முணுமுணுப்பு முதல் பாதிவரைதான் ஓடியது. பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வரிசையாக வாயடைத்துப் போனார்கள்.

காரணம் எளிது. அவர்கள் அறிந்த கதை அங்கே இல்லை. கடம்பூர் மாளிகையில் அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை மூடிவைத்தார். நாவலில் நான்தான் கொன்றேன் என்று சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய பழுவேட்டரையர் சொல்கிறார், மணிமேகலை சொல்கிறாள், பழியோ வந்தியத்தேவன் தலையில். காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலான துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. அது கையில் இருந்தும் கல்கி விடையை அவிழ்க்கவில்லை. எழுபது ஆண்டுகளாகத் தமிழர்கள் திண்ணையில் அந்த வழக்கை நடத்திவருவது அதனால்தான். படமோ கரிகாலனின் சாவை அவனுடைய விருப்பமாகவே ஆக்கிக் காட்டிவிட்டது. கரிகாலனாக விக்ரம் அந்தக் காட்சியில் அசாத்தியமாக நடித்திருக்கிறார், ஐஸ்வர்யா ராயும்தான். பார்த்து உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் விடை கிடைத்துவிட்டால் வழக்கு தீர்ந்துபோகும்.

அடுத்தது பட்டம். நாவலில் முடி சூடுவது மதுராந்தகன் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தவன் அல்ல. பூமாலை கட்டும் சேந்தன் அமுதன்தான் மூத்த ராணி செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை. கல்கி ஐந்தாம் பாகத்தில் எடுத்துவிட்ட சீட்டு அது. படத்தில் அந்தத் திருப்பமே இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே அருள்மொழி முடியை வைக்கிறான். கூட்டாளிகளுக்குக் காட்சி முன்னதாகவே கதை சொல்லிவந்த பையன் ஒருவன் முதல் பாகத்தில் இருந்தானே, அவன் மாதிரி ஒருவன் இதிலும் இருந்தான். "இப்ப பாரு, சேந்தன் அமுதன்…" என்று எழுந்தவன், அப்படியே நாற்காலியில் சரிந்தான். கூட்டாளிகள் படம் முடிந்து வெளியே வரும்வரை அவனைக் கிண்டல் செய்தார்கள். நாவல் படித்தவன் பொய்யனாகிவிட்டான்.

உலகம் முழுக்க இது நடக்கிற கதைதான். கல்கி தொடரை முடித்த அதே 1954இல் இங்கிலாந்தில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வெளிவரத் தொடங்கியது. பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படமாக எடுத்தார். கோடிக்கணக்கானோர் கொண்டாடினார்கள், ஆசிரியரின் மகன் கிறிஸ்டோபர் ஏற்கவேயில்லை. டாம் பாம்படில் என்ற காட்டுக் கிழவர் ஏன் இல்லை என்று வாசகர்கள் இன்னமும் முறையிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகிற இழப்பு வேறு. நாவலில் அரசன் முடிசூடிய பிறகும் கதை நிற்பதில்லை. குறுமனிதர்கள் நால்வர் ஊர் திரும்பி, தங்கள் சொந்த ஊரே சூறையாடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மறுபடி போராட வேண்டியிருக்கிறது. ஜாக்சன் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டார்.

கல்கிக்கும் முடிசூட்டு விழா முடிவல்ல. அவருடைய கடைசி அத்தியாயத்தில் இறப்பது மணிமேகலை. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன்மேல் அன்பு வைத்து, அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையும் ஏற்றுக்கொண்டு, அறிவு கலங்கி, கடைசியில் அவன் மடியில் உயிர்விடுகிற பெண். ஐந்து பாகம், மூன்று அரசகுலம், கடல் தாண்டிய கதை ஒரு சிற்றரசர் வீட்டுப் பெண்ணின் சாவில் முடிகிறது. 'தியாகச் சிகரம்' என்று பெயர் வைத்த பாகத்தில் அருள்மொழி அரியணையைத் துறப்பது மட்டும்தான் தியாகம் என்று கல்கி நினைத்திருந்தால், பட்டாபிஷேகத்தோடு எழுதுகோலை மூடியிருப்பார். படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது. கந்தமாறன் தங்கை இல்லாமல் பிறந்திருக்கிறான். ஐந்தரை மணி நேரத்துக்குள் அவளுக்கு இடம் இல்லை என்பது திரைக்கதைக் கணக்கில் சரியாக இருக்கலாம். முதல் பாகத்துக்கு 2022ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ரவி வர்மனின் ஒளிப்பதிவுக்கும் ஏ.ஆர். ரகுமானின் பின்னணி இசைக்கும் சேர்த்துக் கிடைத்தது. தகுதியானவைதான். மணிமேகலை விஷயத்தில் விருதுக்குழு ஒன்றும் செய்ய முடியாது.

பாயின் தாயார் அழுதது அவளுக்காகத்தானாம். அந்தத் தவணை வந்த வாரம் வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சமைக்கவில்லை என்பார். கூட்டிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கதையை அவர் நம்புகிறார். இரண்டாம் பாகம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஆற்காட்டுப் பாலம் ஏறும்வரை பேசாமல் வந்தார். பிறகு, அடுத்த தடவை மணிரத்னம் பேட்டி கொடுக்கும்போது மணிமேகலை எங்கே என்று மட்டும் யாராவது கேட்க வேண்டும் என்றார். நான், இயக்குநர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார்கள் பாய் என்றேன். "கல்கி சொன்னாரே" என்றார்.

இப்போது அவர் ஒரு கடிதம் எழுதிவருகிறார். இயக்குநருக்கு. முதல் வரைவு ஆறு பக்கம், அதில் மூன்று பக்கம் சேணத்தைப் பற்றி. தோல் ஷாப்புக்காரர்கள் தங்கள் வாதத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சேணத்தைக் குறைத்து மணிமேகலையை முன்னால் கொண்டுவாருங்கள் என்று நான் திருத்திக் கொடுத்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. வல்லத்தைப் பற்றி ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறார்.